பத்தொன்பதில் முடியும் முகவரி

தாராவியிலிருந்து கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு மாட்டுங்கா அத்தை உண்டு. இல்லையென்றால் ஒரு செம்பூர் சித்தப்பா. நிஜமாகவே சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை. வேலைக்கு விண்ணப்பம் போடும்போது முகவரிக் கட்டத்தில் எழுத ஒரு வீடு வேண்டும், அவ்வளவுதான். எங்கள் பின்கோடு பதினேழில் முடியும். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், அரை மணி நேர நடையில், அது பத்தொன்பது ஆகிவிடும். இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் நிறைய விண்ணப்பங்கள் காணாமல் போயிருக்கின்றன என்று எங்கள் சந்தில் எல்லோரும் நம்பினோம். நிரூபிக்க முடியாது. 'நீ தாராவி, அதனால் வேண்டாம்' என்று எந்தக் கம்பெனியும் எழுதி அனுப்பாது. பதிலே வராது. தாராவிக்குள்ளேயே லேபர் கேம்ப் பகுதியில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 'மாட்டுங்கா லேபர் கேம்ப்' என்பதில் பின்பாதியை விழுங்கிவிட்டால் போதும். தொண்ணூறு அடிச் சாலைக்காரர்களான எங்களுக்கு அந்த வசதி இல்லை. முழுப் பொய்தான் சொல்ல வேண்டும்.

நான் அப்போது பி.காம் மூன்றாம் ஆண்டு. படித்து முடித்த பிறகு வேலை தேடினால் காரியம் நடக்காது, படிக்கும்போதே ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று முதல் வருஷத்திலிருந்தே எங்களுக்கு ஓதிவந்தார்கள். ஓதியபடியே நான் எல்லாம் செய்தேன். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த படிப்புகளை முடித்துச் சான்றிதழ் சேர்த்தேன். எக்செல் பழகினேன். மே மாத விடுமுறையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சம்பளமில்லாமல் பில் அடுக்கினேன். முப்பத்தோரு கம்பெனிகளின் பயிற்சி வேலைக்கு எழுதிப்போட்டு, ஒன்றிலிருந்தும் ஒரு வரி வராமல் உட்கார்ந்திருந்தேன்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. வடாலா கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பா, முதுகு போய் வீட்டோடு இருந்தார். அம்மா சட்டைப் பட்டறையிலிருந்து மூட்டை மூட்டையாகத் துணி வாங்கி வந்து நூல் பிசிறு வெட்டிக் கொடுத்தாள். ரிசல்ட் வந்த மாதமே நான் சம்பளம் கொண்டுவரவில்லை என்றால் என்னைத் திருநெல்வேலிப் பக்கம் கட்டிக்கொடுத்துவிடுவது என்று மாமாவும் அப்பாவும் போனில் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு டிராக்டர் இருந்ததாம். எனக்கு டிராக்டர் மேல் விரோதம் ஒன்றுமில்லை.

கல்லூரி வேலைவாய்ப்புக் குழுவில் இருந்த மாணவி ஒருத்திதான் என் விண்ணப்பத்தை மேலிருந்து கீழே படித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, அட்ரஸை மட்டும் மாற்று என்றாள். அன்று முழுக்க எனக்கு அவள் மேல் கோபம். சாயங்காலம் நவி மும்பையில் கோபர்கைரனேயில் இருக்கும் அத்தைக்குப் போன் செய்தேன். அவள் வீட்டு முகவரியை ஏற்கனவே மூன்று பேர் வாங்கிவிட்டார்களாம், கூரியர்காரன் சந்தேகமாகப் பார்க்கிறானாம். அத்தை கிடைக்கவில்லை. நானே ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேன்.

தினமும் கல்லூரிக்குப் போகும் வழியில் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடம் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே மரத்தால் செய்த தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கும். எல்லாவற்றிலும் பெயர் இருந்தது, பதினோராம் எண்ணைத் தவிர. அதற்குப் பூட்டும் இல்லை. மூன்றாவது மாடியில் தெருவைப் பார்த்த அந்த எண் வீட்டின் ஜன்னல்களை ஒரு வாரம் கவனித்தேன். திறக்கவே இல்லை. ஆள் இல்லாத வீடு, சொந்தக்காரர்கள் துபாயிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள் என்று முடிவு கட்டினேன். யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்றுதான் அதை நினைத்தேன். அந்த வீட்டு எண்ணை எழுதி, கடைசியில் பத்தொன்பது போட்டேன்.

இரண்டாவது வாரமே ஒரு கம்பெனி கூப்பிட்டது. இது அட்ரஸின் வேலைதானா என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எங்கள் சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முதல் நேர்முகத்தை மனிதர்கள் நடத்தவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். திரையில் ஒரு கேள்வி வரும், பக்கத்தில் என் முகமே தெரியும், அந்த முகத்தைப் பார்த்து நான் பதில் சொல்ல வேண்டும். கல்லூரி நூலகத்தின் மூலையில் பகல் பதினொரு மணிக்கு உட்கார்ந்து பேசினேன். இணையம் மெதுவாக இருந்ததால் திரையில் இருந்தவள் எனக்குக் கொஞ்சம் பின்னால் வந்தாள். நான் பேசி முடித்து உதட்டை மூடிய பிறகும் அவள் பேசினாள். நான் சிரிப்பை நிறுத்திய பிறகும் அவள் சிரித்தாள். கடைசிக் கேள்வியில் உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று வந்தது. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள், அம்மா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று என் வாய் சொல்லிவிட்டது. இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. திரையில் இருந்தவள் ஒரு நொடி கழித்து அதையே சொல்லிவிட்டு, எனக்குத் தலையாட்டினாள்.

ஆறு மாதப் பயிற்சி வேலை கிடைத்தது. கல்லூரி வகுப்பு காலையில், ஆபீஸ் பிற்பகலில். ஒழுங்காக இருந்தால் படிப்பு முடியும் முன்பே நிரந்தர வேலைக்கான கடிதம் தருவார்கள். தபால்கள் பதினோராம் எண் பெட்டிக்கு வந்தன. ஆபீஸ் அடையாள அட்டை, வங்கி அட்டை, ஒரு சான்றிதழ். கல்லூரியிலிருந்து வரும் வழியில் யாரும் பார்க்காதபோது எடுத்துக்கொள்வேன். மூன்று வாரம் இப்படி நடந்தது.

நான்காவது வாரம் பெட்டியில் பூட்டு தொங்கியது. புதுப் பித்தளைப் பூட்டு. மேலே ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. கையால் தமிழில் எழுதியிருந்தார்கள். எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், அதனால் படிக்கக் கொஞ்சம் நேரமானது. படித்து முடித்தபோது அது என் பெயர்.

கை சில்லிட்டுப்போனது என்று சொன்னால் கதைபோல இருக்கும். உண்மையில் காதுதான் சூடானது. யாரோ என்னைப் பிடித்துவிட்டார்கள், போலீஸில் சொல்லப்போகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு, பிடிப்பவர்கள் எதற்காகப் பெயர் எழுதிப் பூட்டுப் போட்டு வைக்கிறார்கள் என்று யோசித்தேன். அந்த யோசனை போலீஸைவிட மோசமாக இருந்தது. அன்றிலிருந்து எதிர்ப்புற நடைபாதையில் போனேன். ஜன்னலை மட்டும் பார்த்தேன். அது இப்போது திறந்திருந்தது.

அடுத்த வாரம் ஆபீஸிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. சேர்பவர்கள் சொன்ன விவரங்கள் உண்மைதானா என்று பார்க்க வெளியே ஒரு ஏஜென்சியை வைத்திருக்கிறார்கள், அவர்கள் வீட்டுக்கே ஆள் அனுப்பிவிட்டார்கள், அறிக்கையின் நகல் உங்கள் பார்வைக்கு என்று எழுதியிருந்தது. வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே திறந்தேன்.

முகவரி சரியாக உள்ளது. சந்தித்த நபர், தாயார். குடியிருக்கும் காலம், இருபது வருடம். மகள் கல்லூரிக்குப் போயிருப்பதாகத் தாயார் தெரிவித்தார். மகளின் சிறுவயதுப் புகைப்படம் சுவரில் காணப்பட்டது.

ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து இதை நான்கு முறை படித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் வடா பாவ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் வேலை பிழைத்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டும். இனி நான் எந்தத் தெருவில் நடந்தாலும் யாரோ என்னை எதிர்பார்த்து ஜன்னலைத் திறந்து வைத்திருப்பார்கள் என்ற எண்ணம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு அந்தக் கட்டடத்துக்குப் போனேன். கீழே வாட்ச்மேன் நாற்காலியில் இருந்தார். பதினொன்றில் யார் இருக்கிறார்கள் என்று ஹிந்தியில் கேட்டேன். ஒரு அம்மாவும் பொண்ணும் என்றார். பொண்ணைப் பார்த்திருக்கிறீர்களா என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன், இன்றைக்கு என்ன இப்படிக் கேட்கிறாய் என்றார். மூன்று வாரம் தினமும் நான் அந்தப் பெட்டியில் கைவிட்டதைப் பார்த்துப் பழகியதால் அப்படிச் சொன்னார் என்று மாடிப்படி ஏறும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது மாடி வரைக்கும் அது போதுமானதாக இருந்தது.

கதவில் பெயர்ப்பலகை இருந்தது. புதிது. என் பெயர் மட்டும், இங்கிலீஷில். மணி அடிப்பதற்கு முன்பே கதவு திறந்தது.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெளுத்த நூல் புடவை, இறுக்கமாகக் கட்டிய கொண்டை, மூக்கில் வைரமா கண்ணாடியா தெரியாத ஒரு கல். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்த குடும்பம் என்று பேச்சிலேயே தெரிந்தது. "வந்துட்டயா? செருப்பை உள்ளேயே வெச்சுடு. வெளியில வெச்சா போய்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நான் யாரென்று கேட்கவில்லை. நான் செருப்பை உள்ளே வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

உள்ளே ஒரு சிறிய அறை. மேஜை, அதன் மேல் ஒரு கோப்பு. எனக்கு வந்து நான் எடுக்காமல் விட்ட தபால்கள் எல்லாம் தேதிவாரியாகத் துளையிட்டுக் கோத்திருந்தன. கட்டில், துவைத்த விரிப்பு. அலமாரியில் நாலைந்து சுடிதார்கள் மடித்து வைத்திருந்தன. பாச்சை உருண்டை வாசனை. முழங்கைப் பக்கம் தேய்ந்து, யாரோ நிறைய நாள் போட்ட துணி. ஒன்றை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தேன். தைத்துக் கொடுத்ததுபோல் என் அளவு.

சுவரில் அந்தப் படம் இருந்தது. ஐந்தாறு வயதுப் பெண் குழந்தை, ஏதோ ஒரு கோவில் வாசலில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறது. யாருடைய குழந்தை என்று கேட்கத்தான் போயிருந்தேன். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தபோது, இது நான் இல்லை என்று சத்தியம் செய்ய முடியவில்லை. நான் கைக்குழந்தை தாண்டிய வயதில் ஒரு மழைக்காலம் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து, துணியும் பாத்திரமும் போனதோடு போட்டோக்களும் போயின. அதன்பின் போட்டோ எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கூட அட்டைக்காகப் பன்னிரண்டு வயதில் எடுத்ததுதான் என்னிடம் இருக்கும் முதல் முகம்.

அந்த அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார். நான் எப்படியோ தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, நான் உங்கள் பெண் இல்லை, தப்புச் செய்துவிட்டேன், ஆள் இல்லாத வீடு என்று நினைத்து எழுதிவிட்டேன் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. குழப்பமும் இல்லை. ஆபீஸில் பல வருஷம் காகிதங்களைச் சரிபார்த்த ஒருவர் பேசுகிற குரலில் பேசினார்.

"இந்த ஆம்தான் உன் ஆம்னு நான் எழுதலை. நீதானே எழுதினே? கையெழுத்தும் போட்டிருக்கே. அப்பறம் என்ன?"

ஆம் என்றால் அவர்கள் பேச்சில் வீடு. காப்பியைக் குடித்தேன். நான் குடிக்கிற சர்க்கரை அளவு.

அவர் ஒருநாளும் மிரட்டவில்லை. இதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். வேலை நிரந்தரமாகும்போது இன்னொருமுறை ஆள் வருவார்கள், அப்போது நான் நேரில் இருக்க வேண்டும், வாசலில் வைத்துப் படம் எடுப்பார்கள் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். அதுவரை அவர் உண்மையைச் சொல்லாமல் இருக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு ஞாயிறும் போனேன். அவர் கேட்கவில்லை, நானே போனேன். வீட்டில் புராஜெக்ட் வேலை என்று சொன்னேன். அங்கே சாப்பிடுவேன், கட்டிலில் படுத்து ஒரு மணி நேரம் தூங்குவேன். அவர் அடுத்த அறையில் பேப்பர் படிப்பார். எனக்கு ஆறு வயதில் அம்மை போட்டது பற்றி, கணக்கில் நான் முட்டை வாங்கியது பற்றி, தலை பின்ன விடாமல் ஓடியது பற்றி ஏதாவது சொல்வார். அவரைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டால் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் காய்க்காரனிடம் பேரம் பேசுவதிலிருந்து மின்சார பில்லில் தப்புக் கண்டுபிடிப்பது வரை எல்லாவற்றிலும் என்னைவிடத் தெளிவாக இருந்தார். மூன்றாவது மாதத்தில், அம்மை போட்டபோது கட்டியிருந்த வேப்பிலையின் நிறம் எனக்கு ஞாபகம் வர ஆரம்பித்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் வீட்டில் அம்மாவிடம், ஆறு வயதில் நான் எப்படி இருந்தேன் என்று கேட்டேன். அவள் சட்டைக் காலரில் நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். "எப்படி இருப்ப? மூக்க ஒழுக்கிக்கிட்டு அலைஞ்ச" என்றாள். எனக்கு அம்மை போட்டதா என்றேன். யோசித்தாள். யாருக்கோ போட்டது, உனக்கா உன் சித்தி மகளுக்கா, அந்த வருஷம் ரெண்டு ஷிஃப்ட்டு பட்டறையில் இருந்தேன், பக்கத்து வீட்டில்தான் உன்னை விட்டுவிட்டுப் போவேன் என்றாள். எனக்கு அவள்மேல் எரிச்சல் வந்தது. ஒரு தாய்க்கு இதுகூட ஞாபகம் இருக்காதா என்று மனதுக்குள் திட்டினேன். மாட்டுங்காவில் இருப்பவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறதே என்று ஒப்பிட்டும் பார்த்தேன். அப்படி ஒப்பிட்டதை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஆறு மாதம் முடிந்தது. நிரந்தர வேலைக்கான கடிதம் தயாராக இருக்கிறது, வீட்டுச் சரிபார்ப்பு மட்டும் பாக்கி என்றார்கள். ஒரு ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஆள் வருவார், அசல் அடையாள அட்டையோடு வீட்டில் இருக்க வேண்டும். ஆதாரில் தாராவி முகவரி இருந்தது, அதைக் காட்ட முடியாது. பான் கார்டில் முகவரியே இருக்காது. என்னிடம் இருந்த அட்டைகளிலேயே வாயைத் திறக்காத அட்டை அதுதான். சனிக்கிழமை அதை எடுத்துப் பையில் வைத்தேன். ஞாயிறு காலை நல்ல பையாக எடுத்துப் போகலாம் என்று பையை மாற்றினேன். மாட்டுங்கா வந்து சேர்ந்த பிறகுதான் அட்டை பழைய பையில் இருப்பது தெரிந்தது.

அப்பாவால் படி இறங்க முடியாது. அம்மாவுக்குப் போன் செய்தேன். கட்டடத்தின் அடையாளம் சொல்லி, கீழேயே நில், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். யார் வீடு என்று அவள் கேட்டாள். ஆபீஸ் வேலை என்று சொன்னேன். அவளுக்கு ஆபீஸ் என்ற வார்த்தை போதும், மேலே கேட்க மாட்டாள்.

சரிபார்க்க வந்தவர் பத்து நிமிஷம் முன்பே வந்துவிட்டார். நடுவயது, கையில் ஹெல்மெட், கழுத்தில் அட்டை. வெயிலில் பத்து வீடு அலைகிற மனிதர், சீக்கிரம் முடித்துவிட்டுப் போக வேண்டும் என்ற அவசரம். அட்டை வருவதற்குள் படத்தை எடுத்துவிடலாம் என்றார். பெயர்ப்பலகை தெரிகிற மாதிரி வாசலில் நில்லுங்கள், அம்மாவும் பக்கத்தில் நில்லுங்கள் என்றார். மாட்டுங்கா அம்மா என் பக்கத்தில் வந்து நின்று என் தோளில் கை வைத்தார். கை சூடாக இருந்தது. "கொஞ்சம் சிரி" என்றார். நான் சிரித்தேன்.

செல்போன் திரைக்குப் பின்னால், மாடிப்படியின் கடைசித் திருப்பத்தில், என் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

கீழே பத்து நிமிஷம் காத்திருந்திருக்கிறாள். தபால் பெட்டியில் மகள் பெயரைத் தமிழில் பார்த்திருக்கிறாள். இங்கிலீஷ் தெரியாது, ஆனால் தமிழ் என்னைவிட வேகமாகப் படிப்பாள். பெயருக்குப் பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்து ஏறி வந்துவிட்டாள். வேர்த்திருந்தது. புடவையிலும் தலைமுடியிலும் வெட்டிய நூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன, வெள்ளையும் நீலமும். பெயர்ப்பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் தோளில் இருந்த கையைப் பார்த்தாள். மூன்றையும் ஒருமுறைதான் பார்த்தாள்.

வந்தவர் திரும்பி, இது யார் என்று ஹிந்தியில் கேட்டார். என்னைத்தான் கேட்டார்.

எனக்கு நேரம் இருந்தது. இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். திடீரென்று நடந்துவிட்டது, வாயடைத்துப்போனேன் என்றெல்லாம் சொல்லலாம். அப்படி இல்லை. ஒரு வார்த்தை சொல்லத் தேவையான நேரம் முழுதாக இருந்தது. கடிதம், சம்பளம், டிராக்டர் எல்லாவற்றையும் அந்த நேரத்துக்குள் நான் நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

"பாயி ஹூம் சாப்" என்றாள் அம்மா. பம்பாயில் வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணைப் பாயி என்பார்கள். "கார்ட் நீச்சே கிரா தா." அட்டை கீழே விழுந்து கிடந்ததாம். இரண்டு கையாலும் நீட்டினாள்.

அவர் அட்டையை வாங்கி எண்ணைக் குறித்துக்கொண்டார். மாட்டுங்கா அம்மாவைப் பார்த்தார். ஆமாம் எங்கள் பாயிதான் என்று அவரும் தலையசைத்தார். ஒரு துளித் தயக்கம் இல்லை. கேமரா சரியில்லை என்று வந்தவர் இன்னொரு படம் எடுத்தார். இந்த முறை அம்மா ஓரமாக, படத்தில் விழாதபடி சுவரோடு ஒட்டி நின்றாள். நான் மறுபடியும் சிரித்தேன். அந்தப் படம் இப்போதும் என் ஆபீஸ் கோப்பில் இருக்கிறது.

வந்தவர் படியிறங்கிப் போன சத்தம் ஓயும்வரை மூன்று பேரும் அப்படியே நின்றோம். இனி எல்லோரும் உண்மையைப் பேசுவோம், மாட்டுங்கா அம்மா சிரிப்பார், அம்மாவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். முன்பு என்னிடம் பேசிய அதே காகிதம் சரிபார்க்கிற குரலில் சொன்னார்.

"காலம்பற ஏழு மணிக்கு வந்துடு. அதுக்கு மேல குழாய்ல ஜலம் வராது."

அம்மா "சரிம்மா" என்றாள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். விண்ணப்பம், பெட்டி, பூட்டு, ஞாயிற்றுக்கிழமைகள், ஒன்று விடாமல். அழுதுகொண்டே சொன்னேன். அம்மா நூல் வெட்டிக்கொண்டே கேட்டாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் முடித்ததும் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள், வந்தவர் சரி என்று எழுதிக்கொண்டாரா என்று. எழுதிக்கொண்டார் என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். அவள் என்னை அடித்திருக்கலாம். அடிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

திங்கட்கிழமை காலை நான் எழுந்தபோது அவள் குளித்து, தலை சீவி, பழைய புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். எங்கே என்று கேட்டேன். மாட்டுங்காவுக்கு என்றாள். நான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன். நிஜமாகவே போக வேண்டாம், அது அவர் பேச்சு அப்படித்தான், போகாவிட்டாலும் ஒன்றும் செய்ய மாட்டார், யாரிடமும் சொல்ல மாட்டார், எனக்குத் தெரியும் என்றேன்.

"ஒனக்குத் தெரியும்டி, ஒங்க அம்மைல்லா. எனக்கு அவ்வோளப் பத்தி என்ன தெரியும்?"

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. குத்திக்காட்டும்போது அவள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அந்தக் குரல் இல்லை. ஒரு விவரத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

எனக்கு அன்று நிரந்தர வேலையின் கடிதத்தில் கையெழுத்துப் போட ஆபீஸ் போக வேண்டியிருந்தது. ரயில் பிடிக்க அதே வழிதான். இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பினோம். சந்து, தொண்ணூறு அடிச் சாலை, சிக்னல் எல்லாம் தாண்டினோம். ரயில் பாதைக்கு மேலே போகிற நடைபாலத்தின் படியில் கால் வைக்கும்போது அவள் நின்றாள். என் தோளில் ஒட்டியிருந்த ஒரு நீல நூலை எடுத்துப் போட்டாள்.

"நீ முன்னால போ. அங்கன ஒன்னத் தெரிஞ்சவங்க இருப்பாங்க" என்றாள்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாலம் முழுக்க எனக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் அவள் செருப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பாதிப் பாலத்தில் எதிரே என் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். நான் நடையை வேகமாக்கினேன்.